சக்கரத்தின் முதுகில் அடித்த பெயிண்ட்

என் அக்கா வீட்டுக்காரரை அவர் பெயரைச் சொல்லித் தேடினால் எங்கள் பகுதியில் யாருக்கும் தெரியாது. சில்வர் என்று கேட்டால் ஷெட் வாசல்வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போவார்கள். பழைய லாரி, பழைய வேன், பழைய கார், இவைதான் அவர் பிழைப்பு. புது வண்டி ஏதாவது தவறி உள்ளே நுழைந்தால் மரியாதைக்கு ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். "இது இன்னும் கெட்டுப்போகவே பழகல. கொஞ்சம் அடிபட்டு வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று அனுப்பிவிடுவார்.

எங்கள் வம்சத்தில் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா இன்றைக்கும் என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் பட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறார். பம்ப் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் ஊரிலிருந்து வந்து அக்கா வீட்டு மாடியறையில் தங்கிக்கொண்டேன். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே மாமாவின் ஷெட். ஆகவே இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி அவர் வாயால் சொன்னது. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. ஆனா என்னை நல்லவனாக்கி எழுதிடாத, அது இன்னும் கேவலம்" என்றார்.

மாமாவின் வைத்தியம் காதில் தொடங்கும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொள்வார். ஓட்டி வந்தவர் இறங்கி வாயைத் திறந்தால், "நீங்க இருங்க, அது பேசட்டும்" என்பார். முன்மூடியைத் தூக்கியதும் முதலில் கை போவது பாட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கு வரும் எர்த் வயருக்குத்தான். பழைய வண்டியில் விளக்கு மங்குவது, ஸ்டார்ட்டர் இழுக்காதது, ஹாரன் இருமுவது எல்லாவற்றுக்கும் பாதிக்குப் பாதி அந்த ஒரு முனையில் ஏறிய துருதான் காரணம் என்பது அவர் கட்சி. "பாட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி வயரைச் சுரண்டிப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே பாட்டரிக் கடைக்காரரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால், "வீட்டுப் பக்கெட்டுல உப்பு படியுது, இதுக்குள்ள மட்டும் படியாதா?" என்பார். பிரேக் ஆயில் குறையவே இல்லையே, எதற்கு மாற்ற வேண்டும் என்று வாதாடுகிறவரிடம், "குறையல, கெட்டுப்போச்சு. ரெண்டும் வேற" என்று முடித்துவிடுவார். நிறுத்தியே வைத்திருக்கும் காரை வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுக்கச் சொல்வார். நின்ற இடத்திலேயே உறும விட்டால் போதாது. ஓடிச் சூடேறி, திரும்பி வந்து ஆற வேண்டும்.

இதையெல்லாம் நாலு மெக்கானிக்கைக் கேட்டால் நாலு பேரும் சொல்வார்கள். மாமாவுக்கென்று தனியாக இருந்தது பெயிண்ட்.

வேலை முடிந்த வண்டியை அவர் அப்படியே வெளியே விடமாட்டார். கழுவி, துடைத்து, சக்கரங்களுக்குச் சில்வர் பெயிண்டும் நட்டுகளுக்குச் சிவப்பும் அடித்துத்தான் அனுப்புவார். யாரும் கேட்டதில்லை, யாரும் வேண்டாம் என்றதுமில்லை. "ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற மாதிரி இருக்கக்கூடாது, கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கணும்" என்பார்.

இந்தப் பித்துக்கு மூலம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அக்காவைப் பெண் கேட்டு அவர் முதன்முதலாக வந்தபோது அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கறுப்பு, ரேகையெல்லாம் கறுப்பு. "சேறுன்னா கழுவினாப் போயிடும். இது போகாதா தம்பி?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. வயலில் இறங்குகிற மனிதருக்கு வந்த நியாயமான சந்தேகம். ஆனால் மாமா கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனவர், சாப்பிடக் கூப்பிடும்வரை வெளியே எடுக்கவில்லையாம். இன்றைக்கும் டீசலில் ஒரு தடவை, சோப்புத் தூளில் ஒரு தடவை, எலுமிச்சை மூடியால் ஒரு தடவை என்று கை கழுவுவார். என் பட்டமளிப்புக்கு வந்தபோதுகூட, விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

நெடுநாள் வரை பெயிண்டைப் பிரஷ்ஷால்தான் அடித்துக்கொண்டிருந்தார். சக்கரம் வண்டியில் மாட்டியிருக்கும்போதே, வெளியே தெரிகிற பக்கம் மட்டும். பிறகு எங்கேயோ ஒரு கம்ப்ரஸரும் ஸ்பிரே கன்னும் பழசாகக் கிடைத்தன. அன்றுமுதல் சக்கரங்களைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, முன்னும் பின்னும் ஒன்றுக்கு இரண்டு கோட்டாக அடிக்கத் தொடங்கினார். பின்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அக்கா கேட்டாள்.

"முகத்துக்குப் பவுடர் போட்டுட்டுக் கழுத்தை விட்டா நல்லாவா இருக்கும்?"

"கழுத்து தெரியும். இது தெரியாதே."

"எனக்குத் தெரியும்ல" என்றார் மாமா.

அந்தச் சமயத்தில் வந்த வண்டிகளில் ஒன்று ஜல்லி ஏற்றும் பழைய லாரி. அதை ஓட்டியவரை லாரி ஸ்டாண்டில் எல்லாரும் நெட்டை என்பார்கள். எனக்கு நெட்டையண்ணன். சீட்டைப் பின்னால் தள்ள வழியில்லாமல், ஸ்டியரிங்குக்கு இரண்டு பக்கமும் முழங்கால் நிற்க, வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதுபோல ஓட்டுவார். வந்தது பிரேக் வேலைக்கு. மாமா எல்லாச் சக்கரத்தையும் கழற்றி, பிரேக் டிரம்களைச் சுத்தம் செய்து, லைனிங் மாற்றினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் பெயிண்ட், சக்கரம் வந்து பொருந்தும் டிரம்மின் முகத்துக்கும் பெயிண்ட். மாட்டி இறுக்கி அனுப்பும்போது எல்லாரிடமும் சொல்வதையே சொன்னார்: "லோடோட கொஞ்ச தூரம் ஓடினதும் ஓரங்கட்டி நட்டை ஒரு தடவை இறுக்கிப் பாத்துடு." சரிண்ணே என்று நெட்டையண்ணன் தலையாட்டியதை நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

சில நாள் கழித்து, ஒரு இறக்கத்தில், பின்பக்கம் இடது ஜோடிச் சக்கரம் இரண்டும் கழன்றுகொண்டன. "ஒரு சக்கரம் என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போகுது" என்று நெட்டையண்ணன் பிறகு சொன்னார். "எந்தப் பய வண்டியில கழண்டுச்சுன்னு சிரிக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள என் வண்டி சாஞ்சிடுச்சு." லாரி தேய்த்துக்கொண்டே போய் மண்மேட்டில் நின்றது. ஓடிய சக்கரம் ஒரு வீட்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய்த் துவைக்கிற கல்லை இரண்டாகப் பிளந்தது. துவைத்துக்கொண்டிருந்த பெண் சோப்பு எடுக்க உள்ளே போயிருந்தாள். அவ்வளவுதான் இடைவெளி.

மறுநாள் லாரி ஸ்டாண்டில் விசாரணை மாதிரி ஒன்று நடந்தது. மரத்தடியில் லாரி முதலாளி, சுற்றிலும் டிரைவர்கள், நடுவில் நெட்டையண்ணன். மாமாவுக்கு ஆள் வந்தது. நானும் கூடப் போனேன்.

"நட்டு இறுக்கினேன் முதலாளி. குவாரியை விட்டு வெளிய வந்ததுமே இறங்கி எல்லாச் சக்கரமும் பாத்தேன்."

"பாத்திருந்தா எப்படிடா கழலும்? அதுவா றெக்கை முளைச்சுப் பறந்துச்சா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "நட்டு போட்டது என் கை. என் கை போட்ட நட்டு தானாக் கழண்டுச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும், இன்னிக்கே ஷெட்டைப் பூட்டிடறேன்."

"அண்ணே, சத்தியமா இறுக்கினேண்ணே."

"சீட்டுல ஏறி உக்காந்துட்டா மட்டும் டிரைவர் ஆயிட முடியாதுடா. இறங்கணும், குனியணும். குனிய முடியாத உயரத்துல பொறந்துட்டா, ஏணி இல்லாம பல்பு மாட்டுற வேலைக்குப் போ."

ஸ்டாண்டே சிரித்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நெட்டையண்ணன் சட்டைப் பையிலிருந்து லாரிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார். அந்த நடையையும் ஒருவன் பின்னாலிருந்து நடித்துக் காட்டினான்.

மாமாவின் வாய்ச்சொல் நன்றாக ஓடியது. ஒரு வாரத்துக்குள், எதையாவது சரியாகப் பார்க்காமல் விட்டால் "என்ன, நெட்டை மாதிரி குனியலையா?" என்று கேட்பது ஸ்டாண்டில் வழக்கமாகிவிட்டது. வீட்டில் சாப்பிடும்போது மாமாவும் அதை அக்காவிடம் திரும்பச் சொல்லிச் சிரித்தார்.

கழன்ற சக்கரங்கள் இரண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட்டுக்கு வந்தன. லாரியை மறுபடி ஓட வைக்க வேண்டுமே. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே இரும்பு உருளும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வேலை நேரத்தில் ஷெட்டில் சத்தம் நின்றால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

"மச்சான், கொஞ்சம் கீழ வா."

மாமா சக்கரத்தைத் திருப்பிப் போட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பின்பக்கம், போல்ட் நுழையும் ஓட்டைகளைச் சுற்றிலும், சில்வர் பெயிண்ட் பிதுங்கிச் சுருண்டு, வெந்த தோல்போல உரிந்து நின்றது. உரிந்த இடத்தில் இரும்பு தேய்ந்து பளபளத்தது. வட்டமாக இருக்க வேண்டிய ஓட்டைகள் நீண்டு போயிருந்தன.

"நீ படிச்சவன். சொல்லு. இது கழண்டதுக்கப்புறம் உராய்ஞ்சதுதானே?"

அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் எங்கள் தொழிற்சாலையில், இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகிற இடம் என்றால், தாள் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பெயிண்ட் அடிப்பார்கள். ஒட்டாமல் வந்ததைத் திருப்பி அனுப்புவதே என் வேலை.

"இல்ல மாமா. பெயிண்டாலதான் கழண்டிருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாப் பாத்துட்டேன் மாமா."

விஷயம் எளிது. பழைய வண்டி வைத்திருக்கிற யாருக்கும் உதவும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். துணியை நடுவில் வைத்து ஒரு கட்டு கட்டி, பிறகு துணியை மட்டும் உருவிவிட்டால் கட்டு என்ன ஆகும்? முடிச்சு அவிழவே இல்லை, ஆனால் கட்டு தளர்ந்துவிடும். சக்கரத்துக்கும் டிரம்முக்கும் நடுவில் தடிப்பாகப் பெயிண்ட் இருந்தால் இதேதான் நடக்கும். இறுக்கும்போது கல் மாதிரி இறுகும். பாரம் ஏறி, பிரேக் சூடு பட்டதும் பெயிண்ட் நசுங்கி வெளியே பிதுங்கும். நட்டு ஒரு நூல்கூடத் திரும்பியிருக்காது, பிடி மட்டும் போயிருக்கும். லாரியின் பின்பக்கம் ஜோடிச் சக்கரம் என்பதால் அடுக்கடுக்காக நாலு முகத்திலும் பெயிண்ட். வழியில் ஒரு தடவை இறுக்கினால் அந்த நேரத்துக்கு நிற்கும். பிறகு மிச்சம் நசுங்கும், மறுபடி தளரும். ஆகவே சக்கரம் பொருந்தும் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெறும் இரும்பாகத் தேய்க்க வேண்டும். பெயிண்ட், கிரீஸ், துருப்பொருக்கு எதுவும் அங்கே இருக்கக்கூடாது. நட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக, முதலில் பாதி, பிறகு முழுவதும் என்று இறுக்க வேண்டும். அழகு பார்க்க ஆசைப்பட்டால், எல்லாம் முடிந்தபின் வெளியே அடித்துக்கொள்ளலாம்.

மாமாவுக்கு நான் இதில் எதையும் விளக்கவில்லை. தேவைப்படவில்லை. அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அவன் இறுக்கித்தான் இருக்கான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஸ்பிரே கன் வாங்கினதுலேர்ந்து இப்படி அடிச்சு அனுப்பின வண்டி இன்னும் ஓடிக்கிட்டிருக்கே மச்சான்" என்றார். எழுந்து பெட்டியில் கம்பி பிரஷ்ஷும் சுரண்டும் தகடும் ஜாக்கியும் எடுத்து வைத்தார்.

உண்மையைச் சொல்லி வண்டிகளைத் திருப்பிக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார். முதலில் போனது காய்கறி வேன்காரர் வீட்டுக்கு.

"என்ன சில்வர், நான் கூப்பிடவே இல்லையே?"

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன். சக்கரத்தை ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு."

வேன்காரர் நெகிழ்ந்துவிட்டார். வீட்டுக்குள் பார்த்து, "இங்க வந்து பாரு, சொந்தத் தம்பி எட்டிப் பாக்கமாட்டேங்கறான், இவர் வண்டிக்காக நடந்து வந்திருக்காரு" என்றார். அந்த அம்மாள் இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தார். மாமா சக்கரத்துக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு சுரண்டினார். நான் பெயிண்ட் துகளைத் தாளில் வாரி மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன், தடயத்தை அழிக்கிற மாதிரி.

அடுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் கார். பிறகு தண்ணீர் லாரி. போன இடமெல்லாம் காபி, போன இடமெல்லாம் பாராட்டு. தலைமையாசிரியர், "தொழில் பக்திங்கறது இதுதான், உங்க மச்சானுக்கும் சொல்லிக்கொடுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மாமாவின் காது சிவந்துபோயிருந்தது. வெயிலில் நின்றதால் என்று அவர் நினைத்திருக்கலாம்.

ஸ்கூல் வேனில் ஒரு நட்டு விரலால் திருகியதற்கே சுற்றியது. மாமா அதை ஒரு முறை முன்னால் சுற்றினார், ஒரு முறை பின்னால் சுற்றினார். பிறகு ஸ்பானரை என் கையில் கொடுத்துவிட்டு வேனின் மறுபக்கம் போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது சட்டை முன்பக்கமெல்லாம் நனைந்திருந்தது. "எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று வேன் ஓட்டுகிற அம்மா கேட்டார். "இப்ப நல்லா இருக்கும்மா" என்றார் மாமா.

அன்று மாலை அக்கா கேட்டாள், "நெட்டைகிட்ட எப்பச் சொல்லப்போறீங்க?"

"முதல்ல வண்டியெல்லாம் முடியட்டும்."

"முடிஞ்சதும்?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னா மாட்டேன்னு அர்த்தம். உங்ககூட நானில்ல குடும்பம் நடத்தறேன்."

மாமாவுக்கு ஒரு கணக்கு இருந்தது என்று நினைக்கிறேன். வண்டிகளைக் காப்பாற்றிவிட்டால் போதும், மீதியைக் காலம் பார்த்துக்கொள்ளும். நெட்டைக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும். அவர் வாயால் இதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் ஸ்டாண்ட் பக்கம் போகாமல் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார்.

கடைசியாக மிச்சமிருந்தது சிமென்ட் லாரி ஒன்று. அதைத் தேடிப் போனால், மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காலையிலேயே வெளியூர் கிளம்பிவிட்டது என்றார்கள். வழியில் மலை இறக்கம் உண்டு. மாமா அங்கேயே, சிமென்ட் கோடவுன் வாசலில் நின்று, டிரைவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டது பழக்கதோஷம். மூட்டை தூக்குகிறவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, வண்டியை ஓரங்கட்டு. பின்சக்கரம் நட்டெல்லாம் இறுக்கு. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை இறங்கி இறுக்கிக்கிட்டே மெதுவாப் போ. மலையில இறங்காத, இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திடு. நான் பஸ் பிடிச்சு வந்து கழட்டி மாட்டறேன்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "என்னண்ணே, நான் என்ன நெட்டையா? நட்டுப் பாக்காம வண்டி எடுக்க?"

மாமா போனைக் காதுக்குக் கொண்டுபோனார், மறுபடி கீழே இறக்கினார். மூட்டைக்காரர்களும் சிரித்தார்கள்.

"நெட்டை பாத்தான்" என்றார் மாமா. "நெட்டை சரியாத்தான் பாத்தான். தப்பு என்னுது. நான் அடிச்ச பெயிண்டுதான் நட்டை லூசாக்குது. உன் வண்டிக்கும் அதையேதான் அடிச்சிருக்கேன். நிறுத்து தம்பி."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "நிறுத்திட்டேண்ணே" என்று கேட்டது. பிறகு, வேறு குரலில், "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

மாமா பஸ் பிடித்துப் போய், வழியோரத்தில் சக்கரங்களைக் கழற்றி, சுரண்டி மாட்டிவிட்டு மறுநாள் வந்தார். வந்தவர் குளிக்கக்கூட இல்லை. "மச்சான், கூட வா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

நெட்டையண்ணன் வண்டி கழுவுகிற சர்வீஸ் ஸ்டேஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ஒரு காரின் அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் குழாயை மூடினார். நிமிர்ந்து நிற்கவில்லை.

"வாங்கண்ணே. இப்ப நாளெல்லாம் குனிஞ்சுதான் இருக்கேன். நல்லாவே வருது."

மாமா பேச ஆரம்பித்தார். பெயிண்ட், நசுங்குவது, பிடி போவது என்று எல்லாவற்றையும் சொன்னார். யாரோ ஒருவரின் வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல வேகமாகச் சொன்னார். நெட்டையண்ணன் கடைசிவரை கேட்டார்.

"எப்பத் தெரிஞ்சுச்சு?"

"சக்கரம் ஷெட்டுக்கு வந்த அன்னிக்கு."

"அதுக்கப்புறம் ஊர் வண்டிக்கெல்லாம் போய்ப் பாத்தீங்களாமே. காய்கறி வேன்காரர் இங்கதான் வண்டி கழுவ வருவாரு. உங்களைப் பத்திப் பெருமையாச் சொல்லிட்டுப் போனாரு." அவர் குழாயின் வாயைத் துடைத்தார். "எங்கிட்ட மட்டும் வர வழி தெரியலையாக்கும்."

மாமா தரையைப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் அவர் செருப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"பெயிண்டு விடுங்கண்ணே. வேலையில தப்பு வரும், யாருக்கும் வரும். கழண்டதுல ஒண்ணு ரோட்டோரத்துலயே கிடந்துச்சு. அன்னிக்கு வந்து ஒரு தடவை திருப்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்க குனியலையே."

நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். "என்னை மன்னிச்சுக்கடா" என்றார் மாமா.

"இங்க வந்து சொல்றீங்க. இங்க யாரு இருக்கா, நானும் இந்தக் காரும்தான். எங்க வெச்சுச் சொன்னீங்களோ அங்க வந்து சொல்லுங்க."

மதியம் டிரைவர்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் சாய்ந்திருக்கும் நேரத்துக்கு மாமா ஸ்டாண்டுக்குப் போனார். லாரி முதலாளிக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். நெட்டையண்ணன் ஈரப் பேன்ட்டோடு வந்து ஓரமாக நின்றார். அன்றைக்குத் திட்டும்போது மாமாவுக்கு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு ஒவ்வொன்றாகத் தேடினார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டியிருந்தார்.

"அன்னிக்கு இதே இடத்துல இவனை ஒண்ணு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. அது பொய். இவன் நட்டு இறுக்கியிருக்கான். நான்தான் சக்கரத்துக்குப் பின்னாடியும் பெயிண்டு அடிச்சுக் கெடுத்து வெச்சேன். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்தேன். அவ்வளவுதான்."

ஒரு கிழட்டு டிரைவர் பல்லைக் குத்திக்கொண்டே, "அப்ப சில்வரு, எங்க வண்டியையெல்லாம் மேக்கப் போட்டு அனுப்பிச்சது சுடுகாட்டுக்கா?" என்றார். ஒருவன் சிரித்தான். இன்னொருவன், "ஷெட்டைப் பூட்டிடறேன்னு யாரோ சொன்னதா ஞாபகம்" என்றான். இப்போது பலர் சிரித்தார்கள். மாமா அசையாமல் நின்று வாங்கிக்கொண்டார். நெட்டையண்ணன் சிரிக்கவில்லை. முதலாளி செருமிவிட்டு, ஏதோ கைமாற்றாக வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதுபோல, "சரி சரி, நாளைக்கு வந்து சாவியை வாங்கிக்க" என்றார். நெட்டையண்ணனிடம் அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை.

சாவியை வாங்கிக்கொண்டு நெட்டையண்ணன் ஷெட்டுக்கு வந்தார். லாரியை ஏற்கெனவே அங்கே இழுத்து வந்து, மற்ற சக்கரங்களைச் சுரண்டி மாட்டியிருந்தார் மாமா. கழன்ற இரண்டுக்கும் பதிலாக வேறு சக்கரங்கள் தயாராக இருந்தன, பொருந்தும் முகமெல்லாம் வெறும் இரும்பு. மாமா ஜாக்கியை ஏற்றி, சக்கரத்தை மாட்டி, ஸ்பானரை நட்டில் வைத்தார்.

"விடுங்க. நான் இறுக்கிக்கறேன்" என்றார் நெட்டையண்ணன்.

மாமா ஸ்பானரைக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். நெட்டையண்ணன் தன் உயரத்தையெல்லாம் மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, எதிரெதிராக ஒவ்வொரு நட்டையும் இறுக்கினார். ஜாக்கியை இறக்கியதும் எழுந்து, ஸ்பானரில் செருகிய கம்பியின் மேல் ஏறி நின்று இன்னொரு தடவை இறுக்கினார். மாமா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டார்.

"லோடு ஏத்திட்டு இந்த வழியாத்தானே வருவ. உள்ள கொண்டாந்து நிறுத்து, இன்னொரு தடவை பாத்துடலாம்."

"சரிண்ணே."

மாமா மத்தியானத்துக்கு மேல் வேறு வேலை எடுக்கவில்லை. பெரிய ஸ்பானரை வாசல் பக்கமாக எடுத்து வைத்துவிட்டு, தெருவில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றார். வெயில் இறங்கும் நேரத்தில் லாரி வந்தது. முழு லோடு. அவர் கையைத் தூக்கி, உள்ளே வரச் சொல்லி ஒதுங்கி வழிவிட்டார். லாரி வேகத்தைக் குறைத்தது, ஒரு ஹாரன் அடித்தது, நேராகப் போய்விட்டது. வழியில் எங்கேயாவது நிறுத்தி நெட்டையண்ணனே இறங்கிப் பார்த்திருப்பார், அல்லது இனிமேல் பார்ப்பார்.

"நெட்டை வண்டி மாதிரி கேட்டுச்சே, உள்ள வரலையா?" என்று அக்கா சமையலறையிலிருந்து கேட்டாள்.

"எதுக்கு வரணும்" என்றார் மாமா.